தண்ணீர்க் குழாயைத் தேடாதீர்கள்: புகையும் ரசாயனம் கொட்டினால் முதலில் செய்ய வேண்டியவை

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிடங்கில் ஒரு ஃபோர்க்லிஃப்டின் கம்பி ட்ரம் ஒன்றைக் குத்திக் கிழித்துவிட்டது. உள்ளே இருந்தது தயோனைல் குளோரைடு. தரையில் ஒரு வாளி அளவுக்குத்தான் கொட்டியிருக்கும். மெல்லிய வெண்புகை கிளம்பியது. பக்கத்தில் நின்ற ஒருவர், உதவ வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து அடித்தார். சில நொடிகளில் கிடங்கின் மறுமூலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. எல்லோரும் எப்படியோ வெளியே வந்துவிட்டோம், யாருக்கும் உயிர் போகவில்லை. ஆனால் குழாய் பிடித்தவர் மூச்சுவிட முடியாமல் பல நாள் மருத்துவமனையில் கிடந்தார். கீழே கிடப்பது என்னவென்று தெரியாமலே, வீட்டில் எண்ணெய் கொட்டினால் கழுவுவதுபோல் கழுவப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அந்தப் புகையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். தயோனைல் குளோரைடில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு, சல்பர் டை ஆக்சைடு என்று இரண்டு நச்சு வாயுக்கள் வரும். ஒரு லிட்டர் திரவம் முழுவதும் வினைபுரிந்து, வந்த வாயு எல்லாம் வெளியேறினால் ஏறக்குறைய 1,000 லிட்டர் வாயு. ஒரு வாளி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக ரசாயன ஆலையிலோ கிடங்கிலோ டேங்கர் லாரியிலோ வேலைக்கு வந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் கசிவை அடைக்கப் போகக்கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்ற குழு வேறு. முதல் பதினைந்து நிமிடத்தில் நீங்களும் உங்களைச் சுற்றி இருப்பவர்களும் உயிரோடு விலகி, வருகிற குழுவுக்குச் சரியான தகவலைத் தர வேண்டும். இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

அரிக்கும் திரவங்கள் எல்லாமே ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மனதில் மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும்.

முதல் கூட்டம், மூடியைத் திறந்தாலே தானாகப் புகைபவை. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஓலியம் (சல்பர் டிரை ஆக்சைடு கரைந்த அடர் சல்பூரிக் அமிலம்), புகையும் நைட்ரிக் அமிலம், புரோமின், அடர் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இதில் வரும்.

இரண்டாவது, தண்ணீர் பட்டால் சீறுபவை. தயோனைல் குளோரைடு, பாஸ்பரஸ் டிரைகுளோரைடு, பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு, குளோரோசல்போனிக் அமிலம், டைட்டானியம் டெட்ராகுளோரைடு, சிலிக்கான் டெட்ராகுளோரைடு, அசிட்டைல் குளோரைடு. இவற்றுக்குக் குழாய்த் தண்ணீர்கூட வேண்டாம், காற்றில் இருக்கும் ஈரமே போதும். மழைநாளில் இவற்றின் கசிவு இன்னும் மோசம்.

மூன்றாவதுதான் ஆட்களை ஏமாற்றுவது. தனித்தனியாக இருக்கும்போது அமைதியாக இருந்து, ஒன்றோடொன்று சேர்ந்தால் வாயு விடுபவை. சோடியம் ஹைப்போகுளோரைட்டோடு (பிளீச் திரவம்) அமிலம் சேர்ந்தால் குளோரின் வரும். சல்பைடு உப்போடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. சயனைடு உப்போடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், ஆட்சிசன் என்ற ஊரில், டேங்கரில் வந்த சல்பூரிக் அமிலத்தை ஹைப்போகுளோரைட் தொட்டியின் குழாயில் தவறுதலாக இணைத்துவிட்டார்கள். இரண்டு குழாய் வாய்களும் அருகருகே, ஒன்றுபோலவே இருந்தன. பச்சைப் புகை ஊர்மீது நகர்ந்தது. 140 பேருக்கு மேல் சிகிச்சைக்குப் போனார்கள். ஆகவே கொட்டியது எது என்பதோடு, அது எதை நோக்கி ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரே வடிகாலில் இரண்டு கசிவுகள் சந்திக்கும் இடம்தான் ஆலையிலேயே ஆபத்தான இடம்.

படி 1: விலகுங்கள், ஆனால் காற்றைப் பார்த்து விலகுங்கள்

கசிவைப் பார்த்ததும் கால் தானாக ஓடப் பார்க்கும். எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. தலையை நிமிர்த்திக் காற்றுத்திசைப் பையைப் பாருங்கள். அது கண்ணில் படாவிட்டால் கொடி, மரக்கிளை, புகைபோக்கியின் புகை, எதுவும் உதவும். காற்று முகத்தில் அடிக்கும் திசையை நோக்கி நடந்தால் புகை உங்களுக்குப் பின்னால் இருக்கும். அந்தத் திசைக்குப் போகும் வழியில் புகை மறித்தால் அதை ஊடுருவி ஓடாதீர்கள். முதலில் காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஒதுங்கி, அப்புறம் காற்று வரும் பக்கத்துக்குச் சுற்றிப் போங்கள்.

மேடான இடமாக இருக்கட்டும். குளோரின் காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனம். சல்பர் டை ஆக்சைடு இரண்டு மடங்குக்கு மேல். பள்ளம், பம்ப் குழி, அடித்தளம், கால்வாய் இங்கெல்லாம் போய்த் தேங்கிவிடும். அம்மோனியா காற்றைவிட லேசானது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அழுத்தத்தில் திரவமாக இருந்த அம்மோனியா கசிந்தால், குளிர்ந்த மேகமாகத் தரையோடு தவழ்ந்துதான் வரும். பாடத்தை நம்பி அதன் எதிரே நிற்காதீர்கள். இரவில் காற்று அடங்கியிருக்கும் நேரத்தில் புகை கலையாமல் அதிக தூரம் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எவ்வளவு தூரம்? பொருள் எதுவென்று தெரியாத நிலையில், எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர் என்று தொடங்கலாம். டேங்கரோ பெரிய தொட்டியோ தீயில் சிக்கியிருந்தால் 800 மீட்டர். இவை தொடக்க எண்கள்தான், காற்று புகையைக் கொண்டுபோகும் பக்கத்தில் இன்னும் பல மடங்கு தேவைப்படலாம். கைவசம் அளவுகோல் இல்லாதபோது, கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பாருங்கள். சம்பவ இடம் முழுவதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லையா? நீங்கள் இன்னும் கிட்டத்தில்தான் நிற்கிறீர்கள்.

மூக்கை நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள். அளவு 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) போல ஏறும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்துத் திரும்பிப் போனவர்கள் உண்டு. கண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்துதான் வெண்புகையாகத் தெரிகிறது. புகை முடியும் கோட்டோடு வாயுவும் முடிந்துவிடாது.

நீங்கள் ஓர் அறைக்குள் இருக்கிறீர்கள், வெளியே ஏற்கெனவே புகை சூழ்ந்துவிட்டது என்றால் வெளியே ஓடுவது சரியாகாது. கதவு, ஜன்னல்களை மூடி, ஏ.சி.யையும் எக்ஸாஸ்ட் மின்விசிறியையும் நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத் துணியைத் திணித்து, அறிவிப்பு வரும்வரை உள்ளேயே இருங்கள்.

இந்தப் படியில் மனதுக்குக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் புகைக்குள் விழுந்து கிடக்கலாம். முதுகில் மாட்டும் காற்று உருளையும் ரசாயனப் பாதுகாப்பு உடையும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஒருவரைத் தூக்கப்போய் இரண்டாமவர், அவரைத் தூக்கப்போய் மூன்றாமவர் என்று அடுத்தடுத்து விழுவது இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப நடக்கிறது. விழுந்தவரைக் காப்பாற்றுவதற்கு உங்களால் செய்யக்கூடியது, அவர் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று மீட்புக்குழுவுக்குத் துல்லியமாகச் சொல்வது. அதை வேகமாகச் செய்யுங்கள்.

படி 2: சொல்லுங்கள்

ஓடும்போதே கத்துங்கள், வழியில் அலாரம் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கண்ட்ரோல் ரூமுக்குப் பேசுங்கள். பதற்றத்தில் ‘லீக்! லீக்!’ என்று மட்டுமே வாயில் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. அதனால் இந்த மாதிரி ஒன்றை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்:

‘இரண்டாம் கிடங்கு, வடக்கு வாசல். ட்ரம் ஓட்டை, தயோனைல் குளோரைடு, யு.என். எண் 1836. வெள்ளைப் புகை, கிழக்கே போகிறது. ஒரு ட்ரம்தான், இன்னும் ஒழுகுகிறது. ஒருவருக்கு இருமல், மற்றவர்கள் வெளியே. நான் தெற்கு கேட்டில் நிற்கிறேன். தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.’

இடம், பொருள் (யு.என். எண் என்பது அந்தப் பொருளுக்கு ஐ.நா. கொடுத்த அடையாள எண்), புகை போகும் திசை, அளவு, அடிபட்டவர்கள், நீங்கள் நிற்கும் இடம். இவ்வளவும் அரை நிமிடத்தில் அடங்கிவிடும். எல்லோரும் வந்து கூட வேண்டிய அசெம்பிளி பாயிண்டுக்குப் போனதும் தலை எண்ணுங்கள். அந்த இடமே புகை வரும் பக்கத்தில் இருந்தால் மாற்று இடத்துக்குப் போங்கள். பல ஆலைகளில் இரண்டு அசெம்பிளி பாயிண்ட் இருப்பது இதற்காகத்தான்.

படி 3: பெயரைக் கண்டுபிடியுங்கள்

பெயர் தெரியாமல் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் குருட்டு முடிவு. டேங்கரில் ஆரஞ்சுப் பலகை இருந்தால் அதில் இரண்டு வரி எண் இருக்கும். கீழ் வரியில் இருப்பது நான்கு இலக்க யு.என். எண். மேல் வரி அபாயத்தைச் சொல்லும், அதன் முன்னால் ‘எக்ஸ்’ என்ற எழுத்து நின்றால் தண்ணீரோடு ஆபத்தாக வினைபுரியும் என்று பொருள். தயோனைல் குளோரைடு டேங்கரில் ‘எக்ஸ் 88’ என்று மேலேயும் 1836 என்று கீழேயும் இருக்கும். தொட்டிகளிலும் கிடங்குக் கதவிலும் நான்கு நிறச் சாய்சதுரம் ஒட்டியிருப்பார்கள். அதன் அடியில் உள்ள வெள்ளைக் கட்டத்தில் ‘டபிள்யூ’ எழுத்தைக் குறுக்காக ஒரு கோடு வெட்டினால் அதற்கும் அதே அர்த்தம். இவற்றைப் படிக்கக் கிட்டத்தில் போக வேண்டாம். ஒரு பைனாக்குலரோ கைபேசிக் கேமராவின் ஜூமோ போதும்.

அப்புறம் பாதுகாப்புத் தரவுத்தாள், எல்லோரும் எஸ்.டி.எஸ். என்று சொல்வது. பதினாறு பகுதிகள் இருக்கும், நெருக்கடியில் முழுவதையும் படிக்க முடியாது. 4 முதலுதவி, 5 தீயணைப்பு, 6 கசிவு, 8 பாதுகாப்பு உடை, 10 எதோடு சேரக்கூடாது. இந்த ஐந்து எண்களும் விரல்நுனியில் இருக்கட்டும். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ போக்குவரத்துத் துறைகள் சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டையும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதில் யு.என். எண்ணைத் தேடினால் வழிகாட்டிப் பக்க எண் கிடைக்கும். அந்த வரிக்குப் பச்சை வண்ணம் பூசியிருந்தால், பின்னால் உள்ள பச்சைப் பக்கங்களில் எத்தனை மீட்டர் விலக வேண்டும் என்று பகலுக்கும் இரவுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். 208 லிட்டர் வரை சிறிய கசிவு, அதற்கு மேல் பெரியது. அதாவது ஒரு முழு ட்ரம் வரை சிறியது.

தண்ணீர் எப்போது, எப்போது கூடாது

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

குட்டையாகக் கிடக்கும் இரண்டாம் கூட்டத்து ரசாயனத்தின் மீது தண்ணீர் கூடாது. ஒழுகும் பாத்திரத்துக்கு உள்ளேயும் கூடாது. உள்ளே போன தண்ணீர் வாயுவைக் கிளப்பி, அழுத்தத்தில் ட்ரம்மையே வெடிக்க வைக்கும். ஓலியத்துக்கும் இதே எச்சரிக்கைதான். 1993 ஜூலை 26 அன்று கலிபோர்னியாவின் ரிச்மண்டில் ரயில் டேங்கர் ஒன்றைச் சூடாக்கி இறக்கிக்கொண்டிருந்தபோது ஓலியம் வெளியேறி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து சல்பூரிக் அமில மூட்டமாக மாறி ஊர்மீது படர்ந்தது. 20,000 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடினார்கள். காற்றின் ஈரத்துக்கே அந்த நிலை.

காற்றில் மிதந்து போகும் புகையின் மீது நுண்ணிய சாரலாக, திரைபோல, தண்ணீர் அடிக்கலாம். ஹைட்ரஜன் குளோரைடு, அம்மோனியா போன்றவை தண்ணீரில் நன்றாகக் கரைவதால் புகை அமுங்கும். ஆனால் அந்தத் திரை குட்டையைத் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும், வழிந்து ஓடும் அமிலத் தண்ணீரையும் தேக்க வேண்டும். தீயணைப்புக் குழுவின் வேலை அது, உங்களுடையது இல்லை.

உடம்பில் பட்டால்? அங்கே தண்ணீர்தான் மருந்து. தயோனைல் குளோரைடாகவே இருந்தாலும் சரி. தண்ணீர் கூடாது என்று ஒரு முறை கேட்டுவிட்டுத் தோலில் பட்டதையும் துடைத்துக்கொண்டே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் உலர்ந்த துணி இருந்தால் ஒரே ஒற்றலில் வழித்தெடுங்கள், இல்லாவிட்டால் அதைத் தேடாமல் நேரே ஷவருக்குக் கீழே போங்கள். கொஞ்சமாகத் தெளித்தால்தான் சூடும் புகையும் கிளம்பும், கொட்டுகிற தண்ணீர் இரண்டையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

படி 4: கசிவைக் கட்டுப்படுத்துவது

இதைப் பயிற்சி பெற்ற குழுதான் செய்யும். ஆனாலும் நீங்கள் சாமான் எடுத்துக் கொடுக்கும் இடத்தில் இருக்கக்கூடும், எதை எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று தெரிந்திருப்பது நல்லது.

தூரத்திலிருந்தே மூடக்கூடிய வால்வு இருந்தால் முதலில் அது. சாய்ந்து கிடக்கும் ட்ரம்மை, ஓட்டை மேலே வரும்படி உருட்டினாலே பாதி வேலை முடியும். வடிகால் வாய்களை மூட வேண்டும். பிறகு உலர்ந்த மணலோ உலர்ந்த மண்ணோ போட்டுக் கரை கட்டி, குட்டையையும் மூடி, மேலே பிளாஸ்டிக் தாள் விரிப்பார்கள். மழையும் ஈரமும் படாமல் இருக்க அந்தத் தாள். ‘உலர்ந்த’ என்ற சொல்லை அழுத்தி வாசியுங்கள். வெளியே மழையில் நனைந்து கிடந்த மணல், தண்ணீர்க் குழாய்க்குத் தம்பி. மணல் வாளிகளுக்கு மூடி வேண்டும் என்று நான் இன்றுவரை சண்டை போடுகிறேன்.

மரத்தூள் வேண்டவே வேண்டாம். நைட்ரிக் அமிலம் மரத்தூளோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும், பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் வரும். ஹைட்ரோபுளோரிக் அமிலத்துக்கு மணலும் கூடாது. கண்ணாடியையே அரிக்கும் அந்த அமிலம், மணலில் உள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து சிலிக்கான் டெட்ராபுளோரைடு என்ற இன்னொரு நச்சு வாயுவைத் தரும். ஒரே மணல் வாளி எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நடுநிலையாக்குவதற்கு அவசரமே இல்லை. சாதாரண அமிலக் கசிவில் புகை அடங்கிய பிறகு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) அல்லது சுண்ணாம்புத் தூளை ஓரத்திலிருந்து உள்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார்கள். சோடா ஆஷ் பொங்கி நுரைக்கும், தெறிக்கும். அடர் அமிலத்தின் மீது காஸ்டிக் சோடாவைக் கொட்டினால் கிளம்பும் சூட்டில் அமிலமே கொதித்துத் தெறிக்கும், யாராவது அந்த மூட்டையைத் தூக்கினால் நிறுத்துங்கள். அள்ளிய கழிவை இறுக்கமான மூடி போட்டு அடைக்கக்கூடாது. உள்ளே இன்னும் வாயு வந்துகொண்டிருக்கும்.

முகமூடி பற்றிக் கொஞ்சம்

துணி முகமூடியும் தூசு முகமூடியும் வாயுவைத் தடுக்காது. வாயுவை வடிகட்டும் கேனிஸ்டர் மாட்டிய முகமூடி தப்பித்து ஓடுவதற்கு உதவலாம், ஆனால் எந்த வாயு, எவ்வளவு அளவு என்று தெரியாத இடத்துக்குள் அதை நம்பி நுழையக்கூடாது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்துள்ள அளவு குளோரினுக்கு 10 பி.பி.எம்., ஹைட்ரஜன் புளோரைடுக்கு 30, ஹைட்ரஜன் குளோரைடுக்கு 50. கசிவுக்கு அருகில் இந்த எண்களை எட்ட வெகுநேரம் ஆகாது. உள்ளே போகிறவருக்கு முதுகில் காற்று உருளையும், தேவைப்பட்டால் உடம்பு முழுவதையும் மூடும் ரசாயன உடையும் வேண்டும். இருவர் உள்ளே போனால், அதே உடையில் இருவர் வெளியே தயாராக நிற்க வேண்டும். தீயணைப்பு வீரரின் வழக்கமான கோட்டு வெப்பத்துக்குத்தான், ரசாயனத்துக்கு இல்லை. தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

படி 5: முதலுதவி

சேஃப்டி ஷவர், கண் கழுவும் ஐ வாஷ் இரண்டும் 10 நொடியில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் தர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் தரம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உங்கள் இடத்திலிருந்து ஷவர்வரை நடந்து பாருங்கள். வழியில் யாரோ அடுக்கி வைத்த பெட்டிகள் அப்போதுதான் காலில் தட்டும்.

ஷவரின் கீழே நின்றபடியே உடையைக் கழற்றுங்கள். கூச்சம் பார்க்க வேண்டாம், நனைந்த உடை அமிலத்தைத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். சட்டையைத் தலைவழியாக இழுத்தால் முகத்தில் படும், வெட்டி எடுப்பது நல்லது. கண்ணில் பட்டால் இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, விழியை எல்லாப் பக்கமும் உருட்டியபடி கழுவ வேண்டும். வலியில் இமை இறுகிக்கொள்ளும், அதனால் இன்னொருவர் பிடித்தால்தான் நடக்கும். தோலில் சோடா, வினிகர் என்று எதையும் தடவி ‘சமன்’ செய்யப் பார்க்காதீர்கள்.

ஹைட்ரோபுளோரிக் அமிலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீர்த்த கரைசல் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாமல் இருக்கும். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பே தடுமாறலாம். கழுவிய கையோடு 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தேய்த்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகரில் ஹைட்ரஜன் புளோரைடு கசிந்து 5 தொழிலாளர்கள் இறந்தார்கள், சுற்றுவட்டாரத்தில் பயிர்கள் கருகின. அந்த அமிலம் புழங்கும் இடத்தில் ஜெல் எங்கே இருக்கிறது, அதன் காலாவதித் தேதி என்ன என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

புகையைச் சுவாசித்தவரை நல்ல காற்றுக்குக் கொண்டுவந்து, மூச்சுக்கு வசதியாகச் சாய்ந்து உட்கார வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், உங்களுக்கும் பாதிப்பு வரும். முகமூடியோடு கூடிய, கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தும் பையைப் பயன்படுத்த வேண்டும். ‘இப்போது பரவாயில்லை, வீட்டுக்குப் போகிறேன்’ என்று அவர் சொன்னால் விடாதீர்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு போன்றவை முதலில் லேசான இருமலோடு விட்டுவிட்டு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். 24 முதல் 48 மணி நேரம் மருத்துவர் பார்வையில் இருப்பது அவசியம். தரவுத்தாளின் பிரதி ஒன்றை அவரோடு அனுப்புங்கள், மருத்துவருக்கு அந்தப் பெயர்தான் முதல் தேவை.

திரும்பிப் போவது

புகை கலைந்ததும் உள்ளே போகலாம் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். வாயு அளவிடும் கருவியோடு குழு பள்ளங்களையும் குழிகளையும் சோதித்து, அனுமதி சொன்ன பிறகுதான் போக வேண்டும். உள்ளே போய் வந்தவர்கள் எல்லோரும் தங்கள் உடை, காலணி, கருவிகளைக் கழுவும் எல்லையைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ரப்பர் பூட்ஸைக் கழுவிவிடலாம். தோல் காலணி, தோல் பெல்ட், கைக்கடிகாரத்தின் தோல் பட்டை இவை அமிலத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே கழிவோடு சேர்த்துவிடுங்கள்.